தென்னைக்கு அடித்த தகரம்

எங்கள் பின்வளவில் நிற்கும் தென்னை 1957இல் நட்டது. ஓராள் உயரத்துக்கு மேலே அதன் உடம்பைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குத் தகரம் அடித்திருக்கிறது. மழையில் கறள் பிடித்து மூன்று முறை மாற்றியாயிற்று. இந்த ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்த பிள்ளைகள் "அது ஏன் ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். "எலி ஏறாமல் இருக்க" என்பேன். எலியின் நகத்துக்குத் தகரம் பிடி கொடுக்காது. பாதி மரம் ஏறிவந்த எலி தகரத்தில் வழுக்கித் திரும்பிவிடும். அண்டை மரத்திலிருந்து தாவ வழியில்லை என்றால் குரும்பட்டி தப்பும்.

அந்தத் தகரத்தை முதலில் அடித்தவர் என் அப்பப்பா. அவர் அதைக் கற்றது தோட்டத்திலும் இல்லை, ஊரிலும் இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் கற்றார். ஹெவ்லொக் டவுனில் நான்கு பாத்தி கத்தரியும் வெண்டியும் வைத்திருக்கும் ஒருத்திக்கு எலியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். இந்த நகரம் எலியோடு நடத்திய நூறு வருட வழக்கு எங்கள் வீட்டின் நான்கு தலைமுறை ஊடாகப் போயிருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயர்தான் இந்தப் பகுதிக்கு. எங்கள் பக்கம் மழைநீர் ஓடிச் சேர்வது கால்வாய்களில். கிருலப்பனையும் வெள்ளவத்தையும் கால்வாயால் கோத்த ஊர்கள். இன்று ஹெவ்லொக் சிற்றி என்று மாடிக் கட்டடங்கள் எழுந்து நிற்கும் நிலத்தில் முன்பு வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த ஆலை அது. நான் சிறுமியாக இருந்தபோது அதன் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். ஆலை, கால்வாய், மதில் மதிலாக ஒட்டிய வளவுகள், தென்னை, பலா, மா: எலிக்கு இதைவிட நல்ல ஊர் எங்கே கிடைக்கும்?

இங்கே வருவது ஒரே எலியும் இல்லை. கூரையிலும் மரத்திலும் ஓடுவது நீண்ட வாலும் மெல்லிய உடம்பும் கொண்ட வீட்டெலி. குரும்பட்டியைத் துளைப்பதும் தக்காளியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவதும் அதுதான். வடிகாலில் இருப்பது தடித்த பழுப்பெலி. நிலத்தைத் தோண்டி மரவள்ளியை வேரோடு தின்பது பெருச்சாளி. சிங்களத்தில் அதை 'ஊரு மீயா' என்பார்கள், பன்றியெலி என்று பொருள். தெலுங்கில் 'பந்திகொக்கு', அதுவும் பன்றியெலிதான். ஆங்கிலேயர் அந்தத் தெலுங்குச் சொல்லைத்தான் 'பண்டிகூட்' என்று தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். நான்காவதாக, கூரிய மூக்கோடு சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு. அது எலியே இல்லை. கரப்பானும் புழுவும் தின்று வாழும் பிராணி. பிள்ளையாரின் வாகனம் என்று அம்மம்மா அதை அடிக்க விடமாட்டா. தோட்டத்துக்கு அது செய்யும் நன்மையை நான் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

அப்பப்பா கோப்பாயிலிருந்து கொழும்புக்கு வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. செட்டியார் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் அரிசி துறைமுகத்தில் இறங்கி, வண்டியில் ஏறி, புறக்கோட்டைக் கிட்டங்கிகளில் கூரை முட்ட அடுக்கப்படும். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே எலி குடியிருக்கும். கிட்டங்கியின் மேல்மாடியிலும் பின்கட்டிலும் ஆட்கள் குடியிருப்பார்கள். யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

1914 ஜனவரியில் கொழும்பில் பிளேக் நோய் வந்தது. பம்பாயை அது 1896இலேயே பிடித்திருந்தது. பதினெட்டு வருடம் இலங்கை தப்பியிருந்தது. "மூட்டைக்கு மேலே ஒரு எலி தள்ளாடித் தள்ளாடி வெளிச்சத்துக்கு வந்துது, பிள்ளை. ஆளைக் கண்டும் ஓடேல்லை. நடு முத்தத்திலை விழுந்து செத்துது. அண்டைக்கே முதலாளி கிட்டங்கியைப் பூட்டச் சொல்லிப்போட்டார்" என்று அப்பப்பா சொல்வார். சொல்லும்போது எண்பது வயதிலும் அவர் குரல் தாழும்.

முதலில் எலி விழும், பிறகு மனிதர் விழுவார் என்பதை அந்தக் காலத்து மக்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். காரணத்தைக் கண்டவர் பிரெஞ்சு வைத்தியர் போல்-லூயி சிமோன். 1898இல் கராச்சியில் அவர் செய்த பரிசோதனை, நோயை எலியிலிருந்து எலிக்குக் கடத்துவது அதன் உடம்பில் வாழும் தெள்ளு என்று காட்டியது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் பசித்த தெள்ளு அடுத்த சூட்டைத் தேடி மனிதன் மேல் பாய்கிறது. அவர் சொன்னதை உலகம் ஏற்கப் பல வருடம் பிடித்தது.

இந்தக் கதையில் கொழும்புக்குச் சொந்தமான பெருமை ஒன்று உண்டு. அது நம்மில் பலருக்குத் தெரியாது. எல். ஃபேபியன் ஹேர்ஸ்ற் என்பவர் கொழும்பு மாநகர சபையின் நுண்ணுயிரியலாளராக இருந்தார். எலிகளைப் பிடித்து, சீவி, தெள்ளுகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பிரித்தார். எல்லாம் ஒரே தெள்ளு என்று உலகம் நினைத்திருந்த நேரத்தில், கொழும்பு எலிகளில் இரண்டு இனம் இருப்பதைக் கண்டார். ஒன்று 'கியோபிஸ்', பிளேக்கை வேகமாகப் பரப்புவது. மற்றது 'அஸ்டியா', அந்த வேலைக்கு அவ்வளவாக உதவாதது. நகரம் முழுவதும் பரந்திருந்தது அஸ்டியா. தானியம் குவிந்த பகுதியில்தான் கியோபிஸ் தங்கியிருந்தது. பிளேக் புறக்கோட்டையைச் சுற்றியே சுழன்றதும், தீவின் உட்பகுதியும் தென்னிந்தியாவின் சில ஊர்களும் ஓரளவு தப்பியதும் ஏன் என்பதற்கு அவருடைய விளக்கம் அது. வாழ்நாள் வேலையை அவர் 'த கொன்க்வெஸ்ற் ஒவ் பிளேக்' என்ற நூலாக 1953இல் எழுதி வெளியிட்டார். பிளேக்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கொழும்பைத் தாண்டிப் போக முடியாதபடி செய்தவர் அவர்.

பயந்த நகரங்கள் என்னென்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1900 ஜனவரி 20ஆம் திகதி ஹொனலூலுவில் பிளேக் கண்ட வீடுகளை அதிகாரிகள் தீயிட்டுக் கொளுத்தினார்கள். காற்று மாறிற்று. சீனர்களின் குடியிருப்பு முழுவதும் எரிந்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினது போல என்று நாங்கள் சொல்லும் பழமொழி அங்கே அப்படியே நடந்தது. 1902இல் ஹனோயில் பிரெஞ்சு ஆட்சி எலி வாலுக்குக் காசு கொடுத்தது. வால்கள் ஆயிரம் ஆயிரமாக வந்தன. பிறகு பார்த்தால் தெருவில் வாலில்லாத எலிகள் ஓடின. வாலை அறுத்துவிட்டு எலியை விட்டால் அது குட்டி போடும், குட்டிக்கும் வால் இருக்கும். சிலர் எலி வளர்க்கவே தொடங்கினார்கள். அரசு திட்டத்தைக் கைவிட்டது.

ஒரு பெண் எலி மூன்று வாரத்தில் ஈனும். ஓர் ஈற்றில் ஆறு, ஏழு, எட்டுக் குட்டி. குட்டி மூன்று மாதத்துக்குள் தானே தாயாகும். இந்தக் கணக்கை எந்தத் தடியும் வெல்லாது. எலியின் தொகையைத் தீர்மானிப்பது அதற்குக் கிடைக்கும் தீனியும் ஒதுங்கும் இடமும்தான்.

கொழும்பு அந்த உண்மைக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. எலி பிடிக்கும் ஆட்கள் வீதி வீதியாகப் போனார்கள். அது ஒரு பக்கம். நிலைத்த மாற்றம் தானியத்தை இடம் மாற்றியதில் வந்தது. மனிதர் படுத்துறங்கும் வீட்டுக்குள்ளிருந்து அரிசியைப் பிரித்து வைக்கப் பெருங்களஞ்சியங்கள் எழுந்தன. 1913 முதல் 1915 வரை ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் சாமர்ஸின் பெயரால் அவை சாமர்ஸ் களஞ்சியம் எனப்பட்டன. துறைமுகத்தில், கரையோடு கட்டிய கப்பற் கயிறு ஒவ்வொன்றிலும் வட்டத் தகரம் மாட்ட வேண்டும் என்று வந்தது. கயிற்றில் நடந்து வரும் எலி தகரத்தைத் தாண்ட முடியாமல் திரும்பும். அப்பப்பா பார்த்தது அதைத்தான். நாற்பது வருடத்துக்குப் பிறகு தென்னைக்கு அவர் அடித்த தகரம் அந்தக் கப்பற் கயிற்றின் தகரமே.

1930கள் முடியும்போது பிளேக் இலங்கையை விட்டுப் போய்விட்டது. எலி போகவில்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. பர்மிய அரிசி நின்றது, பங்கீடு வந்தது. கூடுதலாகப் பயிரிடுங்கள் என்று அரசு கேட்டது. ஹெவ்லொக் டவுன் பங்களாக்களின் புல்தரைகளில் அப்போதுதான் மண்வெட்டி பட்டது என்று அப்பா சொல்வார். ரோசாப் பாத்தி மரவள்ளிப் பாத்தியாயிற்று. தோட்டம் வந்த இடமெல்லாம் பெருச்சாளியும் வந்தது.

நான் தோட்டம் செய்யக் கற்றது 1973இல். எனக்குப் பதினெட்டு வயது. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு எதுவும் வெளிநாட்டிலிருந்து வராது. பாணுக்கு விடியற்காலையில் வரிசை. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு கிடையாது. யாழ்ப்பாணத்து விவசாயிகள் மிளகாயும் வெங்காயமும் போட்டு நிமிர்ந்த காலம் அது. கொழும்பில் எங்களுக்கு மரவள்ளிதான் வாழ்வு. பின்வளவில் நாற்பது தடி ஊன்றினேன். எட்டாம் மாதம் முதல் மரத்தை இழுத்தபோது அடியில் கிழங்கு இல்லை. தோல் இருந்தது. உள்ளே பெருச்சாளி தின்று வெறும் குழல். அடுத்த மரமும் அப்படியே. நான் அழுதுவிட்டேன்.

அப்பப்பா பிரம்புக் கதிரையை வளவுக்குள் போடச் சொன்னார். எண்பத்தொரு வயது, கண் மங்கல். "எங்கை குப்பை கொட்டுறியள்?" என்று கேட்டார். மதில் மூலையைக் காட்டினேன். "விறகு எங்கை அடுக்கியிருக்கு?" அதற்குப் பக்கத்தில். "கோழித் தீன்?" விறகுக்கு மேலே, சாக்கில். "அப்ப நீ கிட்டங்கி வைச்சிருக்கிறாய், பிள்ளை. எலி குடியிருக்கு. அதைக் குறை சொல்லி என்ன?" என்றார்.

அன்று அவர் சொன்னபடி செய்தோம். கோழித் தீனை மூடி போட்ட தகரப் பீப்பாவில் வைத்தோம். விறகை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்திப் பரண் கட்டி அடுக்கினோம். மதிலோரப் புல்லைச் செதுக்கி இரண்டடி வெறும் நிலம் விட்டோம். எலி வெட்டவெளியில் ஓடப் பயப்படும். சோற்றையும் மீன் முள்ளையும் குப்பைக் குழிக்குள் போடாமல் அன்றன்றே ஆழத் தாட்டோம். கிழங்கை ஒவ்வொன்றாக இழுக்காமல் பாத்தி பாத்தியாக ஒரே நாளில் கிண்டினோம். அதற்குப் பிறகுதான் பொறி வைத்தோம். தேங்காய்ச் சொட்டை நெருப்பில் வாட்டி மாட்டுவது அப்பப்பாவின் முறை. முதல் மூன்று இரவு பொறியை இழுத்துக் கட்டாமல் சும்மா தீன் மட்டும் வைக்கச் சொன்னார். புதிய பொருளைக் கண்டால் எலி கிட்ட வராது; பழகவேண்டும். நான்காம் இரவு கட்டினோம். விடியும்போது இரண்டு பெருச்சாளி. பொறியும் தேவைதான்; ஆனால் அது கடைசி வேலை. அடுத்த வருடம் அப்பப்பா காலமானார். அந்தப் போகத்தில் எங்கள் வீட்டுக் கிழங்கு முழுசாக வந்தது.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், நாங்கள் இந்த வீட்டை விட்டு ஓடினோம். முகாமில் இருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது எரியாமல் மிஞ்சிய பின்னறையில் எலிகள் குடியிருந்தன. என் பள்ளிக்கூடக் கொப்பிகளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துக் கூடு கட்டியிருந்தன. நாங்கள் விட்டுப்போன அரிசிச் சாக்கு வெறும் சாக்காகக் கிடந்தது. மனிதர் கைவிட்ட இடத்தை எலி எடுத்துக்கொள்ளும் என்பதை நான் அன்று பார்த்தேன். தோட்டத்தை மறுபடி கொத்தத் தொடங்கிய பின்தான் அது எங்கள் வீடு என்ற எண்ணம் எனக்குத் திரும்பியது.

ஒருமுறை நான் அப்பப்பாவின் வழியை விட்டு விலகினேன். தொண்ணூறுகளில் கடைகளில் மெழுகுக் கட்டி போல நஞ்சு வந்தது. சுலபம் என்று வாங்கி வைத்தேன். அந்த வகை நஞ்சின் பிறப்பே ஒரு பெரிய கதை. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பூஞ்சணம் பிடித்த குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. காரணத்தைத் தேடிய கார்ல் லிங்க் என்ற இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்திலிருந்து வார்ஃபரின் வந்தது. 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. இருதய வால்வு மாற்றிய என் கணவர் இரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் விழுங்குவதும் அதே வார்ஃபரின்தான். அளவு அறிந்து கொடுத்தால் உயிர் காக்கும்.

இப்போது விற்கும் கட்டிகளில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு வலியது. எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தளர்ந்து திரியும். அப்படித் திரிந்த எலியை எங்கள் பூனை பிடித்துத் தின்றது. ஒரு வாரத்தில் முரசில் இரத்தம் வடியக் கிணற்றடியில் படுத்தது. விற்றமின் கே ஊசி போட்டும் பிழைக்கவில்லை. அந்த மாதமே பக்கத்து வளவின் சாரைப்பாம்பும் செத்துக் கிடந்தது. சாரை, ஆந்தை, பூனை, கீரி என்று எனக்காகச் சம்பளமில்லாமல் இரவு முழுவதும் வேலை செய்தவர்களை நானே கொன்றேன். எலி இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகு நான் நஞ்சு வாங்கியதில்லை.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேரைப் புதைத்தது. அதற்குப் பின் பல வாரம் கொழும்பின் குப்பைக்குப் போக இடமில்லை. எங்கள் ஒழுங்கை முகப்பில் பைகள் மலையாகக் கிடந்தன. அந்த வருடம்தான் பகலில் எலி ஓடுவதைப் பார்த்தேன். 1914இல் அரிசி மூட்டை செய்த வேலையை 2017இல் சோற்றுப் பை செய்தது.

2022இல் மறுபடி பஞ்சம் கதவைத் தட்டிற்று. எரிவாயு இல்லை, எரிபொருள் இல்லை, மரக்கறி விலை கையைச் சுட்டது. ஜூன் மாதம் அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடும் மண்ணைக் கொத்தின. எழுபதை நெருங்கும் வயதில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை கண்ணீரோடு வந்தாள். வற்றாளைக்கிழங்கு பாதிக்குப் பாதி போய்விட்டது என்றாள். 1973இல் நான் நின்றது போலவே நின்றாள். அப்பப்பா கேட்ட மூன்று கேள்வியையும் அவளிடம் கேட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஐந்து வீட்டாரும் கூடினோம். ஒரு வீடு மட்டும் மூடினால் எலி மற்ற நாலு வீட்டில் தின்னும். அதனால் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு பசளைப் பெட்டி செய்தோம். அடியிலும் பக்கத்திலும் கால் அங்குலக் கண் இரும்புவலை. சமைத்தது எதுவும் அதற்குள் போகாது. வாசல் வாளிகளுக்கெல்லாம் இறுகும் மூடி. வடிகால் வாய்க்குக் கம்பி வலை. மூன்று தென்னைக்குத் தகரம். நாலு மாதத்தில் பெருச்சாளி வளை ஒன்றுகூடப் புதிதாக விழவில்லை.

பயிர் போவதைவிடப் பெரிய ஆபத்தையும் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்கி, கால் வெடிப்பு, கைக் கீறல் வழியாக உடம்புக்குள் போகும். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் என்று பதிவாயிற்று. வயலில் இறங்குவோருக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். வீட்டுத்தோட்டக்காரருக்கும் அதே மண், அதே எலி. மழைக்குப் பிறகு வெறுங்காலோடு பாத்தியில் இறங்காதீர்கள். செத்த எலியைக் கையால் தொடாதீர்கள். தோட்ட வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், மண்ணில் நின்ற விஷயத்தை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

நூறு வருடமாக இந்த நகரம் எலியைத் துரத்தியது. துரத்தி வென்றதில்லை. தீனியை மூடியபோதெல்லாம் வென்றது. செட்டியார் தெருவில் அரிசியை மனிதரிடமிருந்து பிரித்தபோதும், கப்பற் கயிற்றில் தகரம் மாட்டியபோதும், எங்கள் ஒழுங்கையில் ஐந்து வாளிக்கு மூடி போட்டபோதும் நடந்தது ஒன்றுதான். இன்று இரவு படுக்கப் போகுமுன் உங்கள் பின்வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குப்பை எங்கே, விறகு எங்கே, தீன் எங்கே என்று கேளுங்கள். திறந்திருப்பதை மூடிவிட்டுப் படுங்கள்.